‘பிரிங்’, ‘டேக்’: எந்த இடத்தில் எது?

கேள்வி:
வணக்கம். நேர்காணலுக்கு வரவிருந்த ஒருவருக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதியபோது, ‘வரும்போது சான்றிதழ்களை எடுத்து வாருங்கள்’ என்னும் பொருளில் ‘டேக் யுவர் சர்டிபிகேட்ஸ் வென் யூ கம்’ என்று எழுதினேன். மேலாளர் ‘டேக்’கை அடித்துவிட்டு ‘பிரிங்’ என்று திருத்தினார். ‘எடு’ என்றால் ‘டேக்’ என்றுதானே படித்தோம்? இவ்விரு வினைகளின் வேறுபாட்டை விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
தடுமாற்றம் ‘எடு’ என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. ‘எடுத்து வா’ என்பதில் திசையைக் காட்டுவது ‘வா’. ஆங்கிலத்தில் அந்தத் திசை வினைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ஆகவே ‘எடு’வை விட்டுவிட்டு, இறுதியில் நிற்கும் வினையைப் பாருங்கள். ‘வா’ என்று முடிந்தால் ‘பிரிங்’. ‘போ’, ‘செல்’ என்று முடிந்தால் ‘டேக்’. நாம் ஆளை அழைத்து வருகிறோம், மாட்டை ஓட்டி வருகிறோம், பொருளைக் கொண்டு வருகிறோம். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ‘பிரிங்’ ஒன்றே போதும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஆனால் நான் இங்கிருந்து புறப்பட்டு உங்கள் வீட்டுக்கு ஒரு புத்தகத்தைக் கொண்டு சேர்ப்பதாக இருந்தால், செல்பவன் நான்தானே? அப்போது ‘டேக்’ வராதா?

பதில் 2:
வராது. ‘நாளை உங்கள் வீட்டுக்கு வருகிறேன்’ என்றுதான் உங்களிடம் சொல்வேனே தவிர, ‘போகிறேன்’ என்று சொல்ல மாட்டேன். கேட்பவர் இருக்கும் இடமும் ‘வா’வுக்கு உரியது, அதனால் புத்தகமும் ‘பிரிங்’தான். அதே புத்தகத்தை வேறொருவரிடம் சேர்ப்பதை உங்களிடம் சொல்லும்போது ‘டேக்’ ஆகிவிடும். இது நமக்குப் புதிதன்று. ‘தா’, ‘வா’ என்னும் வினைகள் தன்மைக்கும் முன்னிலைக்கும், ‘செல்’, ‘கொடு’ என்பவை படர்க்கைக்கும் உரியவை என்று தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் வகுத்திருக்கிறது. ‘அவருக்குத் தந்தேன்’ என்று நாம் இன்று தயங்காமல் எழுதினாலும், மலையாளப் பேச்சில் தருவதும் கொடுப்பதும் இன்னும் வேறு வேறாகவே நிற்கின்றன. ஆங்கில வகுப்புகளில் இந்த ஒப்புமையை யாரும் எடுத்துக்காட்டாதது எனக்கு நெடுநாள் வருத்தம்.

பதில் 3:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அயர்லாந்து ஆங்கிலத்தில், மற்றவர்கள் ‘டேக்’ என்று சொல்லும் இடத்திலும் ‘பிரிங்’ இயல்பாக வரும். ஆகையால் அங்குள்ளவர்கள் எழுதிய வாக்கியத்தைக் கண்டதும் பிழை என்று திருத்திவிட வேண்டாம்.