நெக் அண்ட் நெக் ஆல்பத்துல யார் எது வாசிக்கிறாங்க?

கேள்வி: செட் அட்கின்ஸும் மார்க் நாஃப்ளரும் 1990ல சேந்து போட்ட நெக் அண்ட் நெக் கேட்டுட்டு இருக்கேன், செம ஆல்பம், ஆனா ரெண்டு கிட்டாரும் பின்னிக்கிட்டு போறப்போ யார் எதுன்னு சுத்தமா புரியல. எப்படிங்க கண்டுபிடிக்கிறது?

பதில் 1: பேஸ் தந்திய (கனமான சத்தம் வர்ற தடிச்ச தந்தி) கவனிங்க. அட்கின்ஸ் கட்டைவிரல்ல பிக் (தந்திய சுண்டுற சின்ன வில்லை) மாட்டிக்கிட்டு டும் டும்னு தாளத்த விடாம ஓட்டுவார், மெலடிய மத்த விரல் பாத்துக்கும். நாஃப்ளர் பிக் இல்லாம வெறும் விரல்ல சுண்டுவார், கொஞ்சம் இழுத்து பேசுற மாதிரி இருக்கும். ஹெட்போன் போட்டு கேளுங்க.

பதில் 2: அப்படியே அட்கின்ஸும் லெஸ் பாலும் வாசிச்ச செஸ்டர் அண்ட் லெஸ்டரும் (1976) கேளுங்க, நடுவுல ஒருத்தர ஒருத்தர் கலாய்க்கிறதக்கூட வெட்டாம விட்டிருக்காங்க. என்னைக் கேட்டா இதுதான் பெஸ்ட், கிராமியும் வாங்குச்சு.

பதில் 3: செஸ்டர் அண்ட் லெஸ்டர் பாதி ஜாஸ்ங்க! அட்கின்ஸ் ஜெர்ரி ரீட்கூட சேந்து 1970ல போட்ட மீ அண்ட் ஜெர்ரிய விட்டுட்டீங்களே.