ஜெர்மனி ஏன் பெல்ஜியத்துக்குள் போனது? கொஞ்சம் விளக்குங்களேன்

வணக்கம் நண்பர்களே. அக்கா பையன் பத்தாவது படிக்கிறான். ஏகாதிபத்தியம், கூட்டணிகள், தேசியவாதம் என்று முதல் உலகப் போரின் காரணங்களை மடமடவென்று ஒப்பிக்கிறான். நேற்று திடீரென்று, "மாமா, இளவரசரைச் சுட்டது சராயேவோல. ஜெர்மனி எதுக்கு பெல்ஜியத்துக்குள்ள போச்சு?" என்றான். முழித்தேன்.

தெரிந்ததைச் சொன்னேன். 1914 ஜூன் 28, போஸ்னியாவின் சராயேவோ நகரம். ஆஸ்திரிய இளவரசர் ஃபெர்டினாண்டின் ஓட்டுநர் தவறான தெருவில் திருப்பிவிட்டு வண்டியை நிறுத்த, அங்கேயே 19 வயது போஸ்னிய செர்பியன் பிரின்சிப் துப்பாக்கியோடு நிற்கிறான். இரண்டே குண்டு. இதுவரை வாயைப் பிளந்து கேட்டான். செர்பியாதான் பின்னணி என்று ஜூலை 23-ல் ஆஸ்திரியா நிபந்தனைகள் போட்டு 48 மணி நேரக் கெடு வைத்தது. செர்பியா பெரும்பாலானதுக்குத் தலையாட்டியும், தன் மண்ணில் ஆஸ்திரிய அதிகாரிகள் விசாரிப்பதை மட்டும் ஏற்கவில்லை. 28-ல் போர்.

அதற்குப் பிறகுதான் எனக்குச் சிக்கல். ஜூலை 30-ல் செர்பியாவுக்கு ஆதரவாக ரஷ்யா முழுப் படையையும் திரட்ட உத்தரவிடுகிறது. ரஷ்யா தயாராக நாளாகும், அதற்குள் ரஷ்யாவின் கூட்டாளியான பிரான்ஸை முடித்துவிடலாம் என்பது ஜெர்மனி ஏற்கெனவே போட்டுவைத்த கணக்காம். அதனால்தான் சண்டை கிழக்கே மூண்டும் படை மேற்கே பெல்ஜியம் வழியாகப் போனதா? கடைசி நேரத்தில் படையைக் கிழக்கே திருப்பச் சொல்லி கெய்சர் (ஜெர்மன் பேரரசர்) கேட்டும், ரயில் ஏற்பாடுகளை மாற்ற முடியாது என்று தளபதி மோல்ட்கே கைவிரித்தாராமே. நிஜமாகவே முடியாதா, சாக்கா?

வரலாற்று ஆசிரியர்கள் யாராவது பையனுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். 1914 ஐரோப்பா வரைபடம் தமிழில் இருந்தால் கமெண்டில் போடுங்கள். வெள்ளிக்கிழமை தேர்வு.