ஆட்டுக்கல் குழியில் ஒரு சொம்புத் தண்ணீர்: டெங்கு வந்த வீடுகளின் அனுபவம்

காரைக்குடியிலிருந்து:

ஐப்பசி மழை விட்ட கையோடு என் மகளுக்குக் காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டெல்லாம் வலி. பரிசோதனையில் டெங்கு. பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கூடாது என்றார் டாக்டர். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் இரத்தக்கசிவைக் கூட்டிவிடுமாம். நான்காம் நாள் காய்ச்சல் விட்டதும் எனக்கு நிம்மதி. அவரோ, "இனிமேதான் ரெண்டு நாள் நல்லா கவனிக்கணும்" என்றார். அந்த இரண்டு ராத்திரியும் நான் கண்மூடவில்லை. பிள்ளை தேறிவிட்டாள்.

தெருவில் எல்லோரும் ஊருணியையும் சாக்கடையையும்தான் திட்டினோம். கொசு ஒழிப்புக்கு வந்த அக்கா, "சாக்கடையில இருக்கறது க்யூலெக்ஸ், ராத்திரி கடிக்கும், யானைக்கால் பரப்பும். டெங்கு பரப்பற ஏடிஸ் பகல்ல கடிக்கும்ணே. அதுக்கு நல்ல தண்ணி வேணும்" என்று சொல்லிக்கொண்டே பின்கட்டுக்குப் போனார். அங்கே மிக்சி வந்த பிறகு ஓரங்கட்டிய ஆட்டுக்கல். குழியில் ஒரு சொம்புத் தண்ணீர்தான் இருந்திருக்கும். அதை மொண்டு வெள்ளைத் தட்டில் ஊற்றினார். பாம்புக்குட்டி போல நெளிந்தன கொசுப்புழுக்கள். டார்ச் அடித்ததும் அடியில் போய் ஒளிந்தன.

எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. மழைத்தண்ணீர் பிடிக்க முற்றத்தில் வைத்த பித்தளை அண்டாவிலும் அதே புழு. வாரம் தவறாமல் கவிழ்த்த அண்டா அது! "கவிழ்த்தா மட்டும் போதாதுண்ணே. முட்டை தண்ணி மட்டத்துக்கு மேல, பாத்திரத்துச் சுவர்ல ஒட்டியிருக்கும். மாசக்கணக்கா காஞ்சு கிடந்தாலும் சாகாது. நார் போட்டுத் தேய்க்கணும்" என்றார். இது எனக்கு அதுவரை தெரியாது. தெரிந்திருந்தால் பிள்ளை படுத்திருக்க மாட்டாளோ என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

பள்ளத்தூரிலிருந்து:

அண்ணே, எங்களுக்குப் பூட்டிய வீடுதான் பிரச்சினை. ஏடிஸ் வெகுதூரம் பறக்காது; பக்கத்து வீட்டில் பிறந்தது நம்மைத்தான் கடிக்கும். பக்கத்து வளவு வீட்டுக்குப் பங்காளிகள் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். முற்றமோ வானம் பார்த்தது. அந்த வீட்டு ஆச்சி முன்னோர் படைப்புக்கு வந்தபோது கெஞ்சி உள்ளே போனோம். இரண்டு கிடாரம், ஒரு உரல், எல்லாவற்றிலும் புழு. ஆச்சி அன்றைக்கே ஒரு சாவியை எங்களிடம் தந்துவிட்டார்.

தோட்டத்துக் கொட்டாங்கச்சிகளில் வேறொரு ஏடிஸ். வீட்டு ஏடிஸுக்கு முதுகில் யாழ் போல வெள்ளைக் கோடுகள். இதற்கு நடுவில் ஒற்றைக் கோடு. இதுவும் டெங்கு பரப்பும்.

தேவகோட்டையிலிருந்து:

எங்கள் கிணற்றில் கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீன் விட்டோம், புழு குறைந்தது. மாடித் தொட்டி மூடியையும் பாருங்கள். அங்கே மலேரியா பரப்பும் அனாபிலிஸும் வரும். ஒருமுறை டெங்கு வந்தவர்கள் இனி வராது என்று இருந்துவிடாதீர்கள். வைரஸ் 4 வகை. இரண்டாம் முறை வேறு வகை வந்தால் கடுமையாகலாம். என் தம்பிக்கு அப்படித்தான் ஆனது.

காரைக்குடியிலிருந்து, மறுபடியும்:

தம்பி நல்லபடியாக இருக்கிறாரா? சாவி யோசனைக்கு நன்றி. எங்கள் தெருவில் 3 வீடு பூட்டியிருக்கிறது, இன்றே போன் போடுகிறேன். ஆட்டுக்கல்லைப் புரட்ட ஆள் கிடைக்கவில்லை, குழியைத் தேய்த்துவிட்டு மணலால் நிரப்பிவிட்டேன்.