மாடலில் வராத தெரு

எம்.இ. நீர்வளம் படித்தபோது நடந்தது. மேலூருக்குக் கிழக்கே ஒரு கண்மாய். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்து மறுகால் (மிகுதித் தண்ணீர்) பாய்ந்தால் கீழத்தெரு வீடுகளுக்குள் முழங்கால் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர் வழியும் கலுங்கின் உயரத்தை ஓரடி குறைத்துவிடலாம் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. குறைத்தால் கடைமடை வயலுக்குத் தை மாதம் தண்ணீர் இருக்காது. வேறு எதைச் செய்தால் தெரு தப்பும் என்று பார்ப்பதுதான் என் தீசிஸ்.

தண்ணீர் எப்படிப் பரவும் என்று கணக்கிட ஹெக்-ராஸில் மாடல் போட்டேன். அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவு இலவசமாகக் கொடுக்கும் மென்பொருள் அது. நிலமட்டத்துக்கு, 2000-ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் வைத்து எடுத்த தரவு. அதில் 30 மீட்டர் சதுரக் கட்டம் ஒன்றுக்கு ஒரே உயரம்தான். கண்மாய்க் கரை, தார் ரோடு, வாய்க்கால் மூன்றும் அதற்குள் ஒரே எண்ணாகக் கரைந்துவிடும். முதல் ரன்னில் தண்ணீர் வயல்வெளியில் பரவி நேராக அடுத்த கண்மாய்க்குப் போய்விட்டது. தெரு காய்ந்து கிடந்தது.

லேப்டாப்போடு ஊருக்குப் போய், கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பாய்ச்சும் நீர்பாய்ச்சி ஐயாவிடம் காட்டினேன். எழுபது வயதுக்கு மேல். கலுங்குக் கல்லில் உட்கார்ந்து வெகுநேரம் திரையைப் பார்த்தார். "நீலமா இருக்கிறது தண்ணியா தம்பி? அப்ப எங்க தெரு எங்கிட்டு இருக்கு?" விரல் வைத்துக் காட்டினேன். "அங்கிட்டுப் போகாதுப்பா. ரோட்டுல முட்டி இங்கிட்டுத்தான் ஏறும்" என்றவர், எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அவர் கூட்டிப்போன மறுகால் வாய்க்காலில் தரையே தெரியவில்லை. அவ்வளவு சீமைக்கருவேலம். ரோட்டுக்கு அடியில் இரண்டு குழாய். ஒன்றில் வண்டல் அடைத்து, மேலே ஒரு கை நுழையும் இடம்தான் மிச்சம்.

மூன்று நாள், மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவி வைத்து வாய்க்காலின் குறுக்குவெட்டு எடுத்தோம். ஸ்டாஃபை, அதாவது அளவுக்கோலை, ஐயாவே பிடித்துக்கொண்டார். அப்புறம் மானிங் எண்ணை மாற்றினேன். ஓடும் தண்ணீரைத் தரையும் செடியும் எவ்வளவு தடுக்கின்றன என்பதைச் சொல்லும் எண் அது. சுத்தமான மண் வாய்க்காலுக்கு 0.03 போடலாம், இந்தப் புதருக்கு 0.09 போட்டேன். எண் மூன்று மடங்கானால், அகலமான வாய்க்காலில் அதே தண்ணீர் ஓட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆழம் வேண்டும். இந்த முறை தெரு நீலமானது. சுவர்களில் இருந்த பழைய கறைக்கும் மாடலுக்கும் நாலு விரல் வித்தியாசம்.

அடைத்த குழாய்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பது ஐயாவின் கணக்கு. குழாயை மட்டும் திறந்து ரன் விட்டால் மட்டம் கொஞ்சம்தான் இறங்கியது. "இன்னொருக்காப் போடு" என்றார். கருவேலத்தை மட்டும் எடுத்து, இரண்டையும் சேர்த்து, கலுங்கைக் குறைத்து என்று அவர் கேட்கக் கேட்கப் போட்டோம், பேட்டரி தீரும்வரை. கலுங்கைக் குறைத்தால் மறுகால் சீக்கிரமே பாய ஆரம்பிக்கும், ஆனால் அந்தத் தண்ணீரும் அதே வாய்க்காலில்தானே வந்தாக வேண்டும்? ஊர்க்கூட்டத்தில் ஐயாவே எழுந்து, கலுங்கில் கை வைக்க வேண்டாம், முதலில் கருவேலத்தை எடுங்கள் என்றார். எடுத்தார்கள். அடுத்த கார்த்திகையில் போன் வந்தது: "மறுகால் போகுது தம்பி, வந்து பாரு." போய்ப் பார்த்தேன். தண்ணீர் ரோட்டோரத்தில் நின்றது, வாசல்படி ஏறவில்லை.

பதில்: படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது அண்ணா. நான் எம்.இ. தெர்மல். மதுரையில் ஒரு தகர ஷெட். உள்ளே தையல் வேலை. எக்ஸாஸ்ட் ஃபேன் எங்கே வைப்பது என்று காற்றோட்டத்தை மட்டும் மாடல் செய்துகொண்டிருந்தேன். அங்கே தைக்கும் அக்கா சொன்னார்: "காத்து வருது பாப்பா. தலைக்கு மேல அடுப்பு எரியுதே!" கூரையிலிருந்து இறங்கும் கதிர்வீச்சை அன்றுதான் மாடலில் சேர்த்தேன். ஃபேனைவிட, தகரத்தின் மேல்பக்கம் வெள்ளை அடிப்பது அதிகம் உதவும் என்று வந்தது. சுண்ணாம்பு அடித்தோம்.

பதில்: சுண்ணாம்பு மழைக்குத் தாங்கியதாம்மா?

பதில்: இல்லை அண்ணா, ஐப்பசி மழையில் கரைந்துவிட்டது. இப்போது வருஷா வருஷம் மாசிக் கடைசியில், வெயில் ஏறுவதற்குள், அவர்களே அடித்துக்கொள்கிறார்கள்.