பலட் கொன்வேயர் நடுவில் நின்று ட்ரிப் அடிக்கிறது: 0.55 மோட்டரை 1.1 ஆக மாற்றலாமா?

சம்மாந்துறை_ஆலை எழுதியது:

எல்லோருக்கும் சலாம், வணக்கம். அரிசி ஆலையில் பொதி செய்யும் இடத்திலிருந்து களஞ்சியம் வரை செயினில் ஓடும் ரோலர் கொன்வேயர் ஒன்று இருக்கிறது. பாவித்த லைன், வாங்கிப் பூட்டினது. விபரம்:

நீளம் 18.3 மீட்டர், 12 பகுதி. ஒரு பகுதிக்கு 8 ரோலர், ரோலர் விட்டம் 80 மி.மீ. மையத்துக்கு மையம் 190.5. செயின் 10பி அளவு, 14 பல் ஸ்ப்ரொக்கட் (செயின் ஓடும் பற்சக்கரம்), ரோலருக்கு ரோலர் தனித்தனிச் செயின் வளையம். பகுதிக்கு ஒரு 0.55 கிலோவொட் கியர் மோட்டர், வேகம் செக்கனுக்கு 0.2 மீட்டர். சட்டங்களுக்கு இடையே உள் அகலம் 1100.

பலட் (மூடை அடுக்கும் தட்டு) 1200க்கு 1000 மி.மீ, மரம், 1200 பக்கம் நீளவாக்கில் போகும். 25 கிலோ மூடை 40 அடுக்குகிறோம், அடுக்குக்கு 5 படி 8 அடுக்கு. பலட்டோடு 1025 கிலோ சொச்சம். மணிக்கு 6 பலட்தான்.

பிரச்சினை: 5ஆம், 6ஆம் பகுதியில் சில பலட் நின்று துள்ளுகிறது, ஓவர்லோட் ட்ரிப் ஆகிறது (சுமை கூடி பாதுகாப்பு ரிலே மோட்டரை நிறுத்துகிறது). சிலது சரிந்து சட்டத்தில் உரசுகிறது. 6ஆம் பகுதியில் செயின் இரண்டு தடவை அறுந்தது, இரண்டு தடவையும் மோட்டருக்குப் பக்கத்து வளையம்தான். மோட்டர் விற்கிறவர் 1.1 போடச் சொல்கிறார். அதோடு கடைசியில் 90 பாகை திருப்பி புதுக் களஞ்சியத்துக்குக் கொண்டுபோகவும் எண்ணம். பெரும்போக அறுவடைக்கு முன் எல்லாம் சரிசெய்ய வேண்டும். என்ன செய்யலாம்?

---

கல்முனை_பிட்டர் எழுதியது:

தம்பி, மோட்டரைத் தொடவேண்டாம். கணக்கைப் பாருங்கள். 1025 கிலோவை 9.81ஆல் பெருக்கி, இந்த மாதிரி ரோலருக்கு 0.06 உராய்வு வைத்தால் தள்ளத் தேவை சுமார் 600 நியூட்டன். அதை 0.2ஆல் பெருக்கினால் 120 வொட். கியர்பொக்ஸ், செயின் இழப்பு எல்லாம் சேர்த்தாலும் 160 வொட்டைத் தாண்டாது. உங்களிடம் இருப்பது 550. மூன்று மடங்குக்கு மேல் கையிருப்பு இருந்தும் நிற்கிறது என்றால் பலட் எதிலோ கொளுவுகிறது. 1.1 போட்டால் கொளுவின இடத்திலேயே இரண்டு மடங்கு விசையோடு இழுக்கும். அடுத்து அறுவது செயினா, ரோலர் அச்சா என்பதுதான் கேள்வியாக இருக்கும்.

நின்ற பலட்டை எடுத்துக் கவிழ்த்து அடிப் பலகையைப் பாருங்கள். முதல் வேலை அதுதான். ரோலரில் போகும் பலட்டுக்கு அடிப் பலகை போகும் திசையில் நீளமாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பலகையும் ரோலரும் ஒரே வாக்கில் கிடக்கும். உங்கள் ரோலர்களுக்கு இடையே உள்ள வெளி 190.5இல் 80 போக 110 மி.மீ. நம்மூரில் அடிக்கும் பலட்டின் அடிப் பலகை ஏறக்குறைய 100 மி.மீ அகலம். அதாவது பலகை அப்படியே வெளிக்குள் இறங்கிவிடும், பிறகு ஒரு தொன் சுமையோடு அடுத்த ரோலரில் ஏறவேண்டும். குறுக்குப் பலகை மூன்று இருந்தால் நடுவுக்கு நடு 550 வரும், மூன்று ரோலர் தூரம் 571.5. கிட்டத்தட்ட ஒன்று, ஆகவே மூன்றும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இறங்கும். நீங்கள் சொல்லும் துள்ளல் அதுதான் என்று நினைக்கிறேன்.

அப்படிப்பட்ட பலட்டைத் திருப்பி விடவும் முடியாது, 1200 பக்கம் உங்கள் 1100 அகலத்துக்குள் போகாது. ஒன்றில் பிரித்தெடுத்து களஞ்சியத்துக்குள் மட்டும் பாவியுங்கள். அல்லது அடியில் நீளவாக்கில் 1200 நீளத்தில் மூன்று பலகை ஆணி அடியுங்கள், இரண்டு ஓரத்திலும் நடுவிலும். ஆணித் தலை மரத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும். கைப் பலட் ட்ரொலி பாவிப்பவர்கள் என்றால் அதன் சக்கரம் அந்தப் பலகை மேல் ஏறுமா என்று ஒரு பலட்டில் பார்த்துவிட்டு மற்றதுக்கு அடியுங்கள்.

எல்லாப் பலட்டும் இல்லாமல் சிலது மட்டும் நிற்பதும் பலட் பக்கம்தான் கையைக் காட்டுகிறது. ஆனால் 5, 6 என்று ஒரே இடத்தில் நிற்பதற்குத் தரையும் காரணமாக இருக்கலாம். 4ஆம் பகுதி தொடக்கம் 7ஆம் பகுதி முடியும் வரை ரோலர் மேலே நூல் பிடியுங்கள், இரண்டு ஓரத்திலும். 1 மி.மீ ஏற்ற இறக்கம் இருக்கலாம். ஒரு ரோலர் 3 மி.மீ தூக்கி நின்றால் முழுப் பாரமும் அதிலும் இன்னொன்றிலும் நிற்கும், பலட் அதில் ஊஞ்சல் ஆடும். தரை இறங்கியிருந்தால் கால் தட்டுக்கு அடியில் இரும்புத் தகடு வைத்து உயர்த்தி எம்12 அங்கர் போல்ட்டைத் திரும்ப இறுக்குங்கள். மரச்சீவல் வைக்கவேண்டாம், மாரி ஈரத்தில் நசிந்துவிடும்.

சரிவதற்கு மூலைவிட்டம் பாருங்கள். ஒவ்வொரு பகுதிச் சட்டத்தையும் மூலைக்கு மூலை அளந்தால் இரண்டும் 2 மி.மீ வித்தியாசத்துக்குள் வரவேண்டும். சதுரம் குலைந்தால் எல்லா ரோலரும் கொஞ்சம் சாய்ந்து நிற்கும், பலட்டை ஒரு பக்கம் ஓட்டிக்கொண்டே போகும். போக்லிப்ட் முட்டின இடங்களில் இது சாதாரணம்.

செயின்: 10பி செயினின் உடையும் விசை 22 கிலோ நியூட்டன். 600 நியூட்டனுக்குப் புதுச் செயின் அறாது. மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டுப் போட்டுவிட்டு அந்த வளையத்தைக் கழற்றி 20 கண்ணியை நேராக இழுத்து அளந்து பாருங்கள். புதிதில் 317.5 மி.மீ. இறுக்கி வைக்க வழியில்லாத இந்த வளையங்களுக்கு ஒன்றரை வீதம், அதாவது 322ஐத் தாண்டினால் மாற்ற வேண்டும். அரைக் கண்ணி (கண்ணி ஒற்றை எண்ணில் வந்தால் வளையத்தை மூடப் போடும் வளைந்த கண்ணி) ஏதும் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் அளவுக்கு வளையம் 38 கண்ணி, இரட்டை எண். அரைக் கண்ணி தேவையே இல்லை.

---

ஏறாவூர்_வயரிங் எழுதியது:

கல்முனை அண்ணன் சொன்னதோடு மின் பக்கம் இரண்டு விசயம்.

ட்ரிப் ஆகும்போது மூன்று பேஸ் வயரிலும் கிளாம்ப் மீற்றர் (வயரைச் சுற்றிப் பிடித்து அம்பியர் பார்ப்பது) போடுங்கள். 0.55 மோட்டருக்கு 400 வோல்ட்டில் முழுச் சுமை ஏறக்குறைய 1.5 அம்பியர், சரியான எண் மோட்டர்த் தகட்டில் இருக்கும். சும்மா ஓடும்போதே 1.1 அம்பியர் காட்டினால் பயப்படாதீர்கள், சின்ன மோட்டர்களுக்கு அது வழமை. ஒரு பேஸில் மட்டும் மிகக் குறைந்து மற்றது இரண்டும் ஏறினால் கொன்டக்டர் (மோட்டருக்கு மின் கொடுக்கும் ஸ்விட்ச்) முனை அல்லது கழன்ற வயர்தான் காரணம். உலர்த்தியும் எலிவேட்டரும் சேர்ந்து ஸ்டார்ட் ஆகும் நேரம் மோட்டர் முனையிலேயே வோல்ட் பாருங்கள். 10 வீதம் குறைந்தால் மோட்டரின் திருப்பு விசை 81 வீதமாகிவிடும்.

மற்றது, பலட் சிக்கினால் நிறுத்த உங்கள் லைனில் டைமர் இருக்கிறதா? ஒரு பகுதியைக் கடக்க 1524 மி.மீக்கு 7.6 செக்கன் போதும். 12 செக்கனில் அடுத்த சென்சரை பலட் எட்டவில்லை என்றால் அந்தப் பகுதியும் அதற்கு முந்தியதும் நிற்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும். அது இல்லாவிட்டால் ஓவர்லோட் ரிலே சூடாகி அடிக்கும் வரை மோட்டர் செயினை இழுத்துக்கொண்டே இருக்கும். செயின் அறுவது அந்த நேரத்தில்தான். பிஎல்சியில் (லைனைக் கட்டுப்படுத்தும் சின்னக் கணினி) நாலு வரி வேலை, செலவு இல்லை.

---

சம்மாந்துறை_ஆலை எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. பார்த்தது இது:

நின்ற பலட் எல்லாம் அடிப் பலகை குறுக்கே உள்ளது, வேறு இடத்தில் அடித்து வாங்கினது. நூலில் 5ஆம் பகுதி முடிவும் 6ஆம் பகுதி தொடக்கமும் 4 மி.மீ இறக்கம், அந்த இடத்தில் தரையில் வெடிப்பும் இருக்கிறது. 6ஆம் பகுதி மோட்டர் பக்க வளையம் 20 கண்ணிக்கு 327, அதில் அரைக் கண்ணி ஒன்று. மற்ற வளையங்கள் 319, 320. டைமர் இல்லை. அம்பியர் மூன்று பேஸும் சமம்.

ஏன் மோட்டர் பக்க வளையம் மட்டும் இப்படி நீண்டது? செயினுக்கு வாரம் ஒருக்கால் கிறீஸ் பூசுகிறோம்.

---

கல்முனை_பிட்டர் எழுதியது:

மோட்டர் பகுதியின் முதல் ரோலரை ஓட்டுகிறது என்றால் முதல் வளையம் மிச்சம் 7 ரோலரின் இழுவையையும் சுமக்கும், கடைசி வளையம் ஒரு ரோலரை மட்டும். அதனால்தான் 327க்கும் 319க்கும் இவ்வளவு வித்தியாசம். 3 வீதம் நீண்டு தொங்கின செயினை யாரோ ஒரு கண்ணி குறைத்து 37 ஆக்கி அரைக் கண்ணியால் முடிந்திருக்கிறார். அரைக் கண்ணிதான் செயினில் பலவீனமான இடம். புது 38 கண்ணி போடுங்கள். ஸ்ப்ரொக்கட் பல் கொக்கி மாதிரி வளைந்திருந்தால் அந்த இரண்டு ரோலரையும் சேர்த்து மாற்றவேண்டும், பழைய பல்லில் புதுச் செயின் சீக்கிரம் தேயும். வசதி வரும்போது மோட்டரை 4ஆம் ரோலருக்கு நகர்த்துங்கள். அதற்கு மூன்று ஸ்ப்ரொக்கட் வைத்த ரோலர் ஒன்று செய்விக்க வேண்டும். அப்போது எந்த வளையமும் 4 ரோலருக்கு மேல் இழுக்காது.

கிறீஸை இன்றே நிறுத்துங்கள். தேய்வது கண்ணிக்குள் இருக்கும் பின்னுக்கும் (ஊசி) அதைச் சுற்றிய புஷ்ஷுக்கும் (குழாய்) இடையில், கிறீஸ் அங்கே போகாது. வெளியில் நின்று உமித் தூசியையும் தவிட்டையும் பிடித்து அரைக்கும் பசையாகிவிடும். மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, மெல்லிய எண்ணெய் கண்ணித் தகடுகளுக்கு இடையில் சொட்டுச் சொட்டாக விட்டு, வெளியில் மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். அந்த நேரம் பக்கத்தில் வெல்டிங் வேலை ஏதும் வைக்கவேண்டாம். செயின் மூடியைத் திரும்பப் பூட்டாமல் லைனை ஓட்டவே கூடாது, சாரமோ சேலைத் தலைப்போ பிடிக்க ஒரு கணம் போதும்.

---

பாலமுனை_லோஜிஸ்டிக்ஸ் எழுதியது:

90 பாகைத் திருப்பம் பற்றி யாரும் சொல்லவில்லை. செயின் ட்ரான்ஸ்பர், அதாவது ரோலர்களுக்கு இடையிலிருந்து செயின் எழும்பி பலட்டைத் தூக்கிப் பக்கவாட்டில் கொண்டுபோவது, மலிவாகத் தெரியும். ஆனால் பலட் திரும்பாது, போகும் திசைதான் திரும்பும். நீளவாக்கில் இருந்த அடிப் பலகை அந்த இடத்திலிருந்து குறுக்காகிவிடும். அதற்குப் பிறகு ரோலர் போட்டால் இப்போது படும் பாட்டையே எல்லாப் பலட்டிலும் படுவீர்கள். அங்கிருந்து மூன்று வரிச் செயின் கொன்வேயர்தான் போடவேண்டும். சுழல்மேசை போட்டால் பலட்டும் சேர்ந்து திரும்பும், ரோலரைத் தொடரலாம். 1200க்கு 1000 பலட்டின் மூலைவிட்டம் 1562, மூடை பிதுங்குவதையும் கணக்கில் எடுத்து 1.75 மீட்டர் வட்டம் வெறுமையாக இருக்கவேண்டும்.

நான் என்றால் இரண்டும் போடமாட்டேன். மணிக்கு 6 பலட் என்றால் பத்து நிமிடத்துக்கு ஒன்று. களஞ்சியத்தில் அடுக்க எப்படியும் போக்லிப்ட் வரவேண்டும். 12ஆம் பகுதியிலிருந்தே அது எடுத்துக்கொண்டு போகட்டும். அந்தக் காசில் தரை வெடிப்பை வெட்டி கொங்கிறீட் போடுங்கள், லைன் முடிவில் போக்லிப்ட் முட்டாமல் தரையில் இரும்புத் தடுப்பு நாட்டுங்கள். லைன் தலைப்பில் 1200 நீள இரும்புச் சட்டம் ஒன்றைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு வெற்றுப் பலட்டையும் மூடை அடுக்கும் முன் அடியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குறுக்குப் பலகை, உடைந்த பலகை, வெளியே வந்த ஆணி இருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். மூடை ஏற்றின பிறகு அடியைப் பார்க்க யாராலும் முடியாது.

---

ஏறாவூர்_வயரிங் எழுதியது:

டைமர் போடும்போது சென்சர் உயரத்தையும் பாருங்கள். போக்லிப்ட் முள் போகும் ஓட்டை உயரத்தில் இருந்தால், பலட் நிற்கும்போதே அந்த ஓட்டையால் பார்த்து “ஆள் இல்லை” என்று சொல்லும், பின்னால் வருவது வந்து முட்டும். மேல் பலகையைப் பார்க்கும் உயரத்துக்கு ஏற்றி அரைச் செக்கன் தாமதம் கொடுங்கள். சென்சரின் ஒளியைத் திருப்பி அனுப்பும் ரிப்ளெக்டரை ஒவ்வொரு ஷிப்ட்டும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். காற்று அடிக்கவேண்டாம், அந்தத் தூசி போய் பெயரிங்கில்தான் குந்தும்.