மறு: கன்டென்ட்-என்கோடிங் – ‘குறியாக்கம்’ வேண்டாம்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். சர்வர் பக்கத்தை அனுப்பும்போது அதற்கு முன்னால் சில குறிப்பு வரிகளையும் (ஹெடர்; இப்போது நாம் ‘தலைப்பு’ என்பது) அனுப்புகிறது. பக்கம் எப்படிச் சுருக்கப்பட்டிருக்கிறது என்று உலாவிக்குச் சொல்லும் வரி கன்டென்ட்-என்கோடிங். நம் உதவிப் பக்கத்தில் அதற்குள்ள தமிழ்ச் சொல்லை மாற்றலாம் என்றதற்கு வந்த கேள்வி இது:

> ‘உள்ளடக்கக் குறியாக்கம்’ பழகிவிட்ட சொல். இப்போது எதற்கு மாற்ற வேண்டும்?

காரணம் இருக்கிறது. வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு துணிக்கடையின் இணையதளத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஆடித் தள்ளுபடி தொடங்கிய காலையில் முகப்புப் பக்கம் முழுக்கக் கறுப்புச் சாய்சதுரங்களுக்குள் கேள்விக்குறிகள். பயிற்சிக்கு வந்திருந்த தம்பி நம் தமிழ் உதவிப் பக்கத்தைத் திறந்தார். ‘மறுமொழித் தலைப்பில் உள்ளடக்கக் குறியாக்கத்தைச் சரிபார்க்கவும்’ என்றிருந்தது. முதலில் எழுத்துகளைப் பைட்டாக்கும் முறையான யூடிஎஃப்-8 அறிவிப்பைப் பார்த்தார். பிறகு ரகசியத் தொடர்புக்கான எஸ்எஸ்எல் சான்றிதழைத் துருவினார். அவரைக் குறைசொல்ல முடியாது. எழுத்துக்கும் குறியாக்கம், ரகசியத்துக்கும் குறியாக்கம், கோப்பைச் சுருக்கும் ஜிஸிப்புக்கும் குறியாக்கம் என்றால் பையன் எங்கே போவான்?

நடந்தது இதுதான். சர்வரில் ஓடும் பிஎச்பி நிரல் பக்கத்தை ஜிஸிப்பில் சுருக்கி அனுப்பியது. ‘இது ஜிஸிப்’ என்று உலாவிக்குச் சொல்லும் கன்டென்ட்-என்கோடிங் வரி மட்டும் போகவில்லை. சுருக்கிய பைட்டுகளையே எழுத்தென்று எண்ணி உலாவி காட்டிவிட்டது. மறுமொழியைக் கர்ல் என்ற கருவியில் வாங்கி, பைட்டுகளை ஹெக்ஸாக (பதினாறடிமான எண்களாக) பார்த்தேன். ஜிஸிப்பின் அடையாளமான 1எஃப் 8பி முதலில் நிற்க வேண்டும்; அதற்கும் முன்னால் இஎஃப் பிபி பிஎஃப் நின்றது. யாரோ பழைய நோட்பேடில் அந்த நிரல் கோப்பைச் சேமித்திருக்கிறார்கள். அது யூடிஎஃப்-8 முத்திரையாக மூன்று பைட்டுகளைத் தொடக்கத்தில் செருகிவிட்டது. அந்த மூன்றும் வெளியேறியதுமே மறுமொழியின் உடல், அதாவது பக்கமே, தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதன்பின் எந்தத் தலைப்பையும் சேர்க்க பிஎச்பி விடாது. பிழைப்பதிவில் அந்த எச்சரிக்கை வரிசையாகக் கிடந்தது.

இதை இன்றைய சொற்களில் எழுதினால், ‘குறியாக்க முத்திரையால் குறியாக்கத் தலைப்பு போகவில்லை.’ தலையும் புரியாது, வாலும் புரியாது.

மாற்றுச் சொல்லாக ஆரணி நண்பர் ‘சிப்பமுறை’ என்றார். ஆரணிக்காரர் அரிசிச் சிப்பத்தை விட்டுக்கொடுப்பாரா! ஆனால் சிப்பத்தில் போட்டதால் அரிசி சுருங்குவதில்லை. இன்னொரு சொல்லான ‘இறுக்குமுறை’ சுருக்கத்தைச் சரியாகப் பிடிக்கிறது. போதாக்குறை என்னவென்றால், 2017-இல் வந்த இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 8188, மறையாக்கிய (ரகசியமாகப் பூட்டிய) உள்ளடக்கத்தையும் இதே கன்டென்ட்-என்கோடிங்கில்தான் அறிவிக்கச் சொல்கிறது. அங்கே இறுக்குவதற்கு ஒன்றுமில்லை.

என் பரிந்துரை ‘கட்டுமுறை’. சர்வர் கட்டுகிறது, உலாவி அவிழ்க்கிறது. வினைச்சொற்களும் கூடவே கிடைக்கின்றன. எந்தக் கட்டுகளை அவிழ்க்கத் தெரியும் என்று உலாவி சொல்லும் அக்செப்ட்-என்கோடிங், ‘ஏற்கும் கட்டுமுறை’. பிஎச்பி ஒருமுறை, சர்வர் மென்பொருளான அப்பாச்சி ஒருமுறை என்று இரண்டும் சுருக்கித் தொலைக்கும் கோளாறுக்கு ‘இரட்டைக் கட்டு’. குறியாக்கம் எழுத்துக்கு மட்டும் இருக்கட்டும், ரகசியத்துக்கு மறையாக்கம். ஹெடரைத் ‘தலைக்குறிப்பு’ என்போம், ‘தலைப்பு’ டைட்டிலுக்கே போதாமல் இருக்கிறது.

> கட்டுமுறை என்றால் வீடு கட்டுவது நினைவுக்கு வராதா?

தனியே நின்றால் வரலாம். ‘உள்ளடக்கக் கட்டுமுறை: ஜிஸிப்’ என்ற வரியில் கொத்தனாருக்கு வேலையில்லை.

டிரான்ஸ்ஃபர்-என்கோடிங்கை நான் தொடவில்லை. உடலைத் துண்டு துண்டாக அனுப்புவதைக் கட்டு என்பது பொருந்தாது. அதற்கு யாரிடமாவது சொல் இருந்தால் எழுதுங்கள். மற்றவற்றை, ஆட்சேபம் வராவிட்டால், ஞாயிற்றுக்கிழமை உதவிப் பக்கத்தில் மாற்றிவிடுகிறேன்.