ஆங்கிலம் கற்பிக்கப் புறப்படும் நாளில் விமானம் ரத்தானால்?

கேள்வி:
120 மணி நேர டெஃபல் (பிறமொழியினருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி) சான்றிதழும் பணி விசாவும் கைக்கு வந்துவிட்டன. அடுத்த வாரம் புறப்படுகிறேன். இணைப்பு விமானத்துக்குத் தனி டிக்கெட் எடுத்திருக்கிறேன். முதல் விமானம் தாமதமானாலோ ரத்தானாலோ என்ன செய்வது, பள்ளிக்கு எப்போது தெரிவிப்பது?

பதில் 1:
தனி டிக்கெட் என்பதுதான் கவலை தருகிறது. ஒரே முன்பதிவாக இருந்தால், முதல் விமானத்தின் தாமதத்தால் இணைப்பைத் தவறவிட்டாலும் அடுத்த விமானத்தில் இடம் தருவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்தால், இரண்டாவது நிறுவனம் உங்களை வராத பயணியாகவே கருதும். மேலும், பெட்டியை நீங்களே எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கலாம். அதற்காக இடைநாட்டின் குடிவரவுச் சோதனையைக் கடக்க வேண்டுமானால், அந்நாட்டு விசாவும் தேவைப்படலாம். இதைப் பலரும் கவனிப்பதில்லை. முடிந்தால் இப்போதே ஒரே முன்பதிவாக மாற்றிவிடுங்கள். அப்போஸ்டில் (வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான அரசுச் சான்றொப்பம்) பெற்ற பட்டச் சான்றிதழ் கைப்பையில் இருக்கட்டும்.

பதில் 2:
ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து புறப்படும் விமானம் கடும் வானிலையால் ரத்தானால் இழப்பீடு கிடைக்காது; ஆனாலும் காத்திருக்கும் நேரத்துக்கு உணவும், இரவு தங்க நேர்ந்தால் அறையும் தர நிறுவனம் கடமைப்பட்டுள்ளது. கேட்டு வாங்குங்கள். ரத்து அறிவிப்பைப் படம் பிடித்து, வரிசையில் நிற்கும்போதே பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள். புதிய நேரம் தெரியட்டும் என்று காத்திருந்தால், உங்களை அழைத்துச் செல்ல வருபவர் அங்கே வீணாக நிற்பார்.